ஆரணிக்கு விழுந்த மாலை

குடையின் வளைந்த பிடியால் தன் மாணவி ஆரணியின் மூக்கைக் கொளுவி இழுத்துக்கொண்டிருந்தார் சரோஜினிதேவி டீச்சர்.

ஆரணி சிரித்துக்கொண்டே இருந்தாள். வேறென்ன செய்வாள்? அவள் விளம்பரப் பனரில் அல்லவா இருந்தாள்.

காலி வீதியில், வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், ஒரு விளக்குக் கம்பத்துக்கும் ஒரு மரத்துக்கும் நடுவே, கைக்கு எட்டாத உயரத்தில் அந்தப் பனர் தொங்கியது. நடுவில் ஆரணியின் முகம், பூசணிக்காய் அளவில். சுற்றிவர மற்ற மாணவர்கள் ஐந்து பேர், தேசிக்காய் அளவில். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே தங்க நிறத்தில் ஒரு A. ‘உயர்தர ஜேர்மன் பாடத்தில் எங்கள் வெற்றிப் பிள்ளைகள்’ என்று மேலே எழுதியிருந்தது. கீழே டீச்சரின் பெயரும் தொலைபேசி இலக்கமும்.

அந்த A-க்களில் ஐந்து உண்மை. நடுவில் இருந்த பெரிய A மட்டும் பொய்.

பரீட்சைப் பெறுபேறுகளை முதல்நாள் இரவே இணையத்தில் போட்டுவிட்டார்களாம். டீச்சருக்குக் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் தெரியவந்தது. மேசையில் இருந்தபடியே ஒவ்வொரு பிள்ளையின் சுட்டெண்ணாக அடித்துப் பார்த்தார். யதுஷா A. ஹரிசன் A. ஷிம்னா A. தட்டில் நல்லதைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பது போல ஆரணியின் எண்ணைக் கடைசியில் அடித்தார்.

F.

பிழையாக அடித்துவிட்டோம் என்று திரும்ப அடித்தார். கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு இன்னொரு தரம் அடித்தார். பரீட்சைத் திணைக்களம் அசைந்து கொடுக்கவில்லை.

அதுவும் ஆரணிக்கு. வகுப்பில் ஜேர்மனில் சண்டை பிடிக்கக்கூடிய ஒரே பிள்ளை அவள்தான். மற்றவர்கள் ஒரு வசனத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் அவள் கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லி, ஒரு பகிடியும் விட்டிருப்பாள். அவளுடைய முகத்தைப் பனரின் நடுவில் போடச் சொன்னதற்குக் காரணமும் அதுதான்.

பெறுபேறு வருவதற்கு முதலே பனர் அடிப்பதா என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். வெள்ளவத்தையில் ரியூஷன் நடத்திப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். பெறுபேறு வந்த அன்று விடிவதற்குள் கணித சேரும், பௌதிக சேரும், வணிகக் கல்வி சேரும் காலி வீதிக் கம்பங்களை எல்லாம் பிடித்துவிடுவார்கள். அன்று இடம் பிடிக்காதவர்களுக்கு அடுத்த தொகுதிக்குப் பிள்ளை கிடைக்காது. ஆகையால் எல்லா ஆசிரியர்களும் முன்கூட்டியே அச்சடித்து, பனர்க் கடை நப்ரீஸ் நானாவிடம் சுருட்டி வைத்திருப்பார்கள். சரி என்று தொலைபேசியில் சொன்னதும் அவர் கட்டிவிடுவார். கெட்டிக்கார ஆசிரியர்கள் முடிவு வரும் இடத்தை வெறுமையாக விட்டுவைப்பார்கள். டீச்சர் பிள்ளைகளை நம்பி ஆறு A போட்டுவிட்டார்.

டீச்சரின் வகுப்புக்கு அந்தப் பனரை விட்டால் வேறு விளம்பரமும் கிடையாது. அடுத்த தொகுதிக்கு ஒரு பிள்ளைகூட இன்னும் சேரவில்லை. வகுப்பு நடக்கும் மேல்மாடி அறையைக் கணித சேருக்குக் கொடுக்கப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியிருந்தும் F-ஐக் கண்ட உடனேயே டீச்சர் முடிவெடுத்துவிட்டார். ஆரணியின் படத்தோடு கட்டினால் பொய். படத்தை எடுத்துவிட்டுக் கட்டினால், ஆரணியை எங்கே காணவில்லை என்று ஊரே கேட்கும். பனரே வேண்டாம். நப்ரீஸுக்கு ஒரு குரல் பதிவை அனுப்பினார்: காரணத்தைப் பிறகு சொல்கிறேன், தயவுசெய்து கட்டிவிடாதீர்கள்.

பிறகு பாண் வாங்கலாம் என்று வீதிக்கு வந்தவரைப் பார்த்துத்தான் ஆரணி பூசணிக்காய் அளவில் சிரித்தாள்.

நப்ரீஸ் தொலைபேசியை எடுக்கவில்லை. கடைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் பூட்டு. தங்கை வீட்டு விருந்துக்கு மீன் வாங்கப் பேலியகொடைக்குப் போய்விட்டாராம். அவர் திரும்பி வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டு டீச்சர் மீண்டும் பனரடிக்கு வந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளியும் ஆரணியும் தாயும் ஹெவ்லொக் டவுனில் இருந்து வெள்ளவத்தைக் கோயிலுக்கு வருவார்கள். அவர்கள் இந்த வழியால்தான் நடந்து வரவேண்டும். அந்தப் பிள்ளை F-ஐ எப்படியோ தாங்கிக்கொள்ளும். ஊர் நடுவே, தங்க நிறத்தில், தன் முகத்துக்குக் கீழே தொங்கும் A-ஐ எப்படித் தாங்கும்? அவள் வருவதற்குள் அது மறைய வேண்டும். டீச்சருக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

குடைப்பிடி மூக்கில் வழுக்கியது. பக்கத்துக் கடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை இரவல் வாங்கி ஏறி நின்று பார்த்தார். கதிரையின் கால் ஒன்று வளைந்தது. டீச்சர் இறங்கிவிட்டார். பத்திரிகை ஒன்றை வாங்கி, பசை பூசி, குடை நுனியில் வைத்து A-இன் மேல் ஒட்டினார். ஒட்டியது. கடற்காற்று ஒரு தரம் வீசியது. பத்திரிகை பறந்துபோய் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரின் முகத்தில் ஒட்டியது. அவர் சிங்களத்தில் சொன்னதை டீச்சர் கேளாததுபோல இருந்துவிட்டார்.

அப்போதுதான் எதிரே இருந்த பூக்கடை கண்ணில் பட்டது.

பாரமாக இருந்தால் காற்றுக்குப் பறக்காது. இருப்பதிலேயே தடித்த மாலையாகக் கேட்டார். எந்தச் சாமிக்கு என்று கடைக்காரர் விசாரித்தார். உயரமான சாமிக்கு என்றார் டீச்சர்.

முதல் எறிக்கு மாலை, நின்றுகொண்டிருந்த பாணந்துறை பஸ்ஸின் கண்ணாடியில் விழுந்தது. சாரதி அதைத் தனக்கு வந்த அருளாக நினைத்துக் கும்பிட்டுவிட்டு, நடத்துநரிடம் கொடுத்து முன்னால் கட்டச் சொன்னார். டீச்சர் போராடித் திருப்பி வாங்கினார். இரண்டாவது தரம் எறியவில்லை. குடை நுனியில் கொளுவி, கால் விரல்களில் எழும்பி, மெல்ல ஏற்றிப் பனரின் மேல் விளிம்புக் கயிற்றில் மாட்டினார்.

முகம் மறையவில்லை. மாலை முகத்தைச் சுற்றி அழகாக இறங்கி, கீழே குஞ்சம் சரியாக A-இன் மேல் வந்து நின்றது. குஞ்சத்தின் இதழ்கள் பரந்து, வெற்றிப் பிள்ளைகளைப் பற்றிய வரியிலும் பாதியை மறைத்தன.

A போய்விட்டது. ஆரணி மட்டும் இருந்தாள். டீச்சருக்கு மூச்சு வந்தது. இனி வீட்டுக்குப் போய் ஒரு கத்தியும், பக்கத்து வீட்டு ஏணியும் எடுத்து வந்தால் ஆறுதலாகக் கழற்றிவிடலாம்.

ஏணி கிடைக்கவில்லை. கத்தி கிடைத்தது. திரும்பி வந்தபோது பனரின் கீழே ஆட்கள் நின்றார்கள். முன்கடை முதலாளி, நல்ல மனுசன், கம்பத்தில் இருந்து மரம் வரைக்கும் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தார். யாரோ கம்பத்தடியில் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். டீச்சருக்கு இது ஒன்றும் மனதில் ஏறவில்லை. கத்தியை எப்படி மேலே எட்டவைப்பது என்பதிலேயே அவருடைய கவனம் இருந்தது.

கூட்டத்தில் இருந்து பாலசுந்தரம் ஐயா விலகி வந்தார். வங்கி ஒன்றில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரின் அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. அந்த வட்டாரத்தில் நல்லது கெட்டது எதுவாக இருந்தாலும் வட்ஸ்அப்பில் முதலில் போடுகிறவர் அவர்தான். கெட்டது என்றால் இன்னும் கொஞ்சம் முந்துவார்.

“டீச்சர்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “உங்களுக்கு எப்ப தெரியும்?”

“இண்டைக்கு விடியத்தான் ஐயா.”

“நல்லாய் இருந்த பிள்ளையல்லோ.”

“வகுப்பிலேயே அவதான் திறம். இப்பிடி நடக்குமெண்டு ஆர் நினைச்சது?”

“தாய் தேப்பன் எப்பிடித் தாங்குகினம்?”

“அவைக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது. அதுக்குள்ள இதைக் கழட்டிப்போட வேணுமெண்டுதான் நான் படாத பாடு படுறன்.”

பாலசுந்தரம் ஐயா ஓரடி பின்னால் போனார். பெற்றவர்களுக்கே இன்னும் தெரியாது என்பது அவரைப் பலமாகத் தாக்கியது தெரிந்தது. இப்படியான விசயத்தை யாராவது ஒரு பெரிய மனுசர் நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றார். நீங்கள் ஒன்றும் சொல்லப் போக வேண்டாம் என்று டீச்சர் மன்றாடினார். அவர் டீச்சரின் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, பனரைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு ஓட்டோ ஒன்றை மறித்து ஏறிவிட்டார்.

எதற்காகக் கும்பிட்டார்?

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பனரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

ஒரு பெண்பிள்ளையின் படம். படத்துக்கு மாலை. சுற்றிவரத் தோழர்கள். மேலே வெள்ளைக்கொடி. கீழே ஊதுபத்தி.

தமிழாக்களுக்கு அதற்கு மேல் ஒரு எழுத்தும் வேண்டியதில்லை. படத்துக்கு மாலை விழுந்துவிட்டால் ஆள் போய்விட்டது.

கயிற்றை வெட்டத் தாவினார். ஒரு இளைஞன் இடையில் வந்து நின்றுகொண்டான்.

“அன்ட்டி, செத்த பிள்ளையின்ர படத்தை வெட்டப் போறீங்களோ?” என்றான். “உங்களுக்கும் பிள்ளையள் இருக்கும்தானே.”

கூட்டம் முழுவதும் டீச்சரைப் பார்த்தது. பிள்ளை சாகவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அப்படியென்றால் ஏன் மாலை போட்டிருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். மாலைக்குக் காரணம் A. A-ஐ மறைத்ததற்குக் காரணம் F. வீதியில் நின்று அதைச் சொல்லும் ஆளாக டீச்சர் இருக்க விரும்பவில்லை. கத்தியைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு அவரும் ஓட்டோவை மறித்தார்.

“ஹெவ்லொக் டவுன் யமு மல்லி. இக்மனட்ட,” என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினார்.

சாரதி பனரைத் திரும்பிப் பார்த்து, “அனே, பவ்,” என்று உச்சுக்கொட்டிவிட்டு, சாவு வீட்டுக்குப் போகிற அம்மா என்று இரங்கி மிக மிக மெதுவாக ஓட்டினார்.

வழியில் தொலைபேசியைத் திறந்தால், அடுக்குமாடிக் குழுவில் பாலசுந்தரம் ஐயா படத்தோடு போட்டுவிட்டிருந்தார். கீழே கைகூப்பிய படங்கள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. நல்ல பிள்ளை. பண்பான பிள்ளை. என்னைக் கண்டால் மாமி என்று வாய் நிறையக் கூப்பிடும். டீச்சர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்களுக்காக லிப்டைப் பிடித்து வைத்திருக்கும் பிள்ளை அதுதான். அவளைக் கண்டே இராத ஒருவர்கூட இரண்டு வரி எழுதியிருந்தார்.

டீச்சர் அவசரமாக எழுதினார்: ‘ஆரணி சுகமாக இருக்கிறா. பரீட்சையில்தான் கொஞ்சம்’. அனுப்பும் இடத்தில் விரல் பட்டுவிட்டது. ஐயையோ, பரீட்சை என்று போட்டுவிட்டோமே என்று உடனே அழித்தார். செய்தி அழிக்கப்பட்டது என்று குழுவில் வந்தது. டீச்சரால் எழுதவே முடியவில்லை, மனமுடைந்துபோய் இருக்கிறா என்று ஒருவர் கீழே எழுதினார். அதற்குப் பிறகுதான் ஆட்கள் ஓட்டோ பிடிக்கத் தொடங்கினார்கள்.

ஆரணி வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தன. தாய்க்கு ஏதாவது ஆகியிருக்குமோ? உள்ளே எட்டிப் பார்த்தார்.

விறாந்தையில் கதிரை போதாமல் ஆட்கள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். நல்ல கதிரையில் பாலசுந்தரம் ஐயா இருந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பை. கண்ணில் இருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கோப்பையை அவரிடம் கொடுத்தவள் ஆரணி.

உயிரோடு, தட்டுடன், எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அங்கே நடந்துகொண்டிருந்ததை விளங்கிக்கொள்ள டீச்சருக்குச் சற்று நேரம் எடுத்தது. ஆரணி காலையிலேயே தாய் தகப்பனிடம் F-ஐச் சொல்லிவிட்டாள். தகப்பன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். தாய் கோயிலுக்கும் வரமாட்டேன், உன்னோடு கதைக்கவும் மாட்டேன் என்று குசினிக்குள் போய்விட்டாள். அந்த நேரத்தில் ஒவ்வொருவராக அழுதுகொண்டு வந்து இறங்கத் தொடங்கினார்கள். ஜேர்மன் பாடத்தின் F-ஐ விசாரிக்கத்தான் வருகிறார்கள் என்று பெற்றவர்கள் நினைத்தார்கள். வந்தவர்களோ கதவைத் திறந்த ஆளைக் கண்டதும் வாயடைத்துப் போனார்கள். நீ செத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு வந்தோம் என்று தேத்தண்ணி நீட்டுகிற பிள்ளையிடம் யார் சொல்வது?

தகப்பன் எழுந்து ஒவ்வொருவரின் கையையும் பிடித்தார்.

“என்ன செய்யிறது, எங்களுக்குக் குடுத்துவைச்சது இவ்வளவுதான்,” என்றார். “அடுத்தமுறை பார்ப்பம்.”

“அடுத்தமுறையோ?” என்றார் பாலசுந்தரம் ஐயா, விக்கலுக்கு நடுவே.

அந்த நேரம் பார்த்து, வெள்ளைச் சேலையுடன் ஒரு மாமி படலையில் இருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தார். “என்ர குஞ்சே, எங்களை எல்லாம் விட்டிட்டு” என்று தொடங்கியவர், வாசலில் தட்டோடு நின்ற குஞ்சைக் கண்டார். திறந்த வாய் திறந்தபடி நின்றது.

“மாமி, தேத்தண்ணி?”

“சீனி வேண்டாம் பிள்ளை,” என்றார் மாமி. கோப்பையை வாங்கிக்கொண்டு சுவரோடு இருந்துவிட்டார்.

குசினிக்குள் இருந்து தாய் வெளியே வந்தாள். ஒரு பாடம் கோட்டை விட்டதற்கு இப்படி வெள்ளை உடுத்திக்கொண்டு வந்து எங்களைக் கேவலப்படுத்த வேண்டுமா என்று அவள் குரல் உடையக் கேட்டபோது, டீச்சரால் அதற்கு மேல் வாசலில் நிற்க முடியவில்லை.

உள்ளே வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். பனரைச் சொன்னார், பத்திரிகையைச் சொன்னார், பூக்கடையைச் சொன்னார். பாணந்துறை பஸ்ஸைக்கூட விடவில்லை. ஆரணி வருவதற்குள் அந்த ஒரு எழுத்தை மறைக்கத்தான் மாலை போட்டேன், பிள்ளைக்கு மாலை போடவில்லை என்றார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

தாய் மெல்ல நடந்து வந்து பாலசுந்தரம் ஐயாவின் தொலைபேசியை வாங்கினாள். திரையில் இருந்த படத்தைப் பார்த்தாள். மாலைக்குள் சிரிக்கிற தன் பிள்ளையைப் பார்த்தாள். கீழே ஊரார் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தாள். லிப்டைப் பிடித்து வைத்திருக்கும் பிள்ளை என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

தொலைபேசியைக் கதிரையில் போட்டுவிட்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தட்டில் இருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று மோதின.

“எஃப் எடுத்தால் என்ன, அதுக்குக் கீழ ஏதும் இருந்து அதை எடுத்தால்தான் என்ன,” என்றாள். “நீ இரு. எனக்கு அது காணும்.”

முதலில் சிரித்தவர் தகப்பன்தான். பிறகு பாலசுந்தரம் ஐயா. வெள்ளைச் சேலை மாமி அழுதுகொண்டே சிரித்தார். அந்த வட்டாரத்தில் ஒரு F-க்கு அதுவரை அப்படியொரு வரவேற்புக் கிடைத்திருக்காது. பிள்ளை தப்பிவிட்டாளே, பாடம் போனால் போகட்டும் என்று வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். செத்துப்போனவள் பெயிலாகத்தான் போனாள் என்பது அவர்களுக்கு இனிப்புச் செய்தியாக இருந்தது. யாரோ கடைக்குப் போய்க் கேக் வாங்கி வந்தார்கள்.

டீச்சர் ஆரணியைப் பக்கத்தில் இருத்தி, என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டார்.

ஆரணி நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வினாத்தாளில் கடிதக் கேள்வியைக் கண்டதும் அதையே முதலில் எடுத்தாளாம். ஜேர்மனியில் இருக்கிற தோழிக்கு உன் ஊரைப் பற்றி எழுது என்று கேட்டிருந்தது. வெள்ளவத்தைக் கடற்கரையில் தொடங்கினாள். ரயில் பாதை, கடலை வண்டி, சாயங்காலக் காற்று, மழை வந்தால் ஒழுங்கையில் நிற்கிற தண்ணீர் என்று எழுதிக்கொண்டே போனாள். மணி அடித்தபோது மற்றக் கேள்விகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

“அவளை இஞ்ச ஒருக்கா வரச்சொல்லி எழுதி முடிக்கேல்ல மிஸ்,” என்றாள். “அதுக்குள்ள பேப்பரைப் பறிச்சுப்போட்டினம்.”

“இல்லாத தோழிக்கோ?”

“எழுத எழுத அவள் இருந்தவள் மிஸ்.”

டீச்சர் அவளுடைய தலையைத் தடவினார். இந்தப் பிள்ளைக்கு எத்தனை மார்க்ஸ் போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. பிறகு, கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். அந்தப் பனரை அவள் கண்டாளா?

ஆரணியின் முகம் சட்டென்று சிவந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “தேத்தண்ணி முடிஞ்சுது, ஊத்திக்கொண்டு வாறன்” என்று முணுமுணுத்துக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள்.

ஆக, கண்டுவிட்டாள். காலையில் இருந்து வீதியில் நின்று இத்தனை கூத்தும் ஆடியது வீணாகிவிட்டது. மேலே சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தையும், அதற்குக் கீழே இருந்த பொய்யையும் பிள்ளை தனியாக நின்று பார்த்திருக்கிறாள்.

படலையில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. நப்ரீஸ் இறங்கினார். தொப்பி ஒருபக்கம் சரிந்திருந்தது. கையில் இன்னமும் மீன் பை. அவருக்கும் செய்தி எட்டி, பேலியகொடையில் இருந்து நேரே வந்திருக்கிறார். ஜன்னலுக்குள்ளால் ஆரணி நடமாடுவதைக் கண்டதும் படலையைப் பிடித்துக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். பிறகு அந்த இடத்திலேயே குந்திவிட்டார்.

டீச்சர் எழுந்து படலைக்குப் போனார். காலையில் இருந்து சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் கொட்டினார். கட்ட வேண்டாம் என்று குரல் பதிவு அனுப்பினேனே, கேட்கக்கூட இல்லையா? நான் சொல்வதற்கு முதல் எப்படிக் கட்டுவீர்கள்? அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும் என்று ஒருக்கால் யோசித்தீர்களா?

நப்ரீஸ் மீன் பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். குசினி ஜன்னலை ஒருதரம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் கட்டல்ல டீச்சர். விடியச் சுபஹு தொழுதுட்டு வாற நேரம் அந்தப் புள்ளதான் கடவாசல்ல நிண்டிச்சி. ‘எனக்கு எஃப், அத டீச்சர் கண்டா எனக்காகப் பனரே வேணாமெண்டுடுவா, புறகு வகுப்ப மூடவேண்டியதுதான், அதுக்கு முன்னுக்குத் தாங்க’ண்டு செல்லி, ஏணியையும் வாங்கிட்டுப் போய்த் தானே ஏறிக் கட்டிச்சி. ‘அப்ப ஒங்கட படத்துக்குக் கீழ ஈக்கிற ஏ பொய்தானே மகள்’ண்டு கேட்டன். ‘பொய்யில்ல நானா, ஒரு வருசம் முந்திட்டுது, அவ்வளவுதான்’ண்டு செல்லிச்சி.”